சேவ் அழிந்தால் மிஞ்சுவது என்ன?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு காலத்தில் தெருவுக்கு இரண்டு பிரவுசிங் சென்டர்கள் இருந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது. மாடியில், மரத்தடுப்பு போட்ட சில கணினிகள், பழைய மின்விசிறி, செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லும் அட்டை. பகலில் ரயில் முன்பதிவு, தேர்வு முடிவு, பயோடேட்டா டைப் அடிப்பது என்று பிழைப்பு நடக்கும். நாலு மணிக்கு மேல் ஜோசப் கல்லூரிப் பையன்கள் வருவார்கள். துறையூர் பஸ்ஸுக்கும் முசிறி பஸ்ஸுக்கும் இன்னும் நேரம் இருக்கிறதே என்று படியேறி வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது விளையாட்டு.

வைரஸ் தொல்லைக்காக எல்லாக் கணினியிலும் ஒரு மென்பொருள் போட்டு வைத்திருந்தேன். யார் எதை ஏற்றினாலும், எதைக் கெடுத்தாலும், கணினியை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். பென்டிரைவோடு வரும் மாணவர்களை நம்பிக் கடை நடத்தியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் பாதியில் நிறுத்திய விளையாட்டை 'சேவ்' செய்து வைத்திருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன்தான். சுவரை யார் படிக்கிறார்கள்?

"அண்ணே, நேத்து வெச்ச சேவைக் காணோம்ணே."

மண்ணச்சநல்லூரிலிருந்து வரும் ஒரு பையன். அவன் ஆடியது 2000இல் வந்த டயாப்லோ 2. முந்தின நாள் காலையிலிருந்து உட்கார்ந்து, சாப்பாட்டைக்கூட மறந்து, ஒரு வீரனை வளர்த்து வைத்திருந்தான். வாள், கவசம், மந்திரம், பணம் எல்லாம் போயிற்று. திரும்பவும் கையில் ஒரு மொட்டைக் கோடரியோடு முதல் ஊரிலிருந்து தொடங்க வேண்டும். அழாத குறை. அப்புறம் சில வாரம் அவனைக் கடைப்பக்கம் காணவில்லை.

அதே கணினியில், அதே மாதிரி சேவை இழந்த இன்னொருவர் ஸ்ரீரங்கத்துக் கல்லூரி மாணவி. அவர் ஆடியது மிஸ்ட். ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் 1993இல் வெளியிட்ட விளையாட்டு. யாருமற்ற ஒரு தீவு, அதில் சில இயந்திரங்கள், சில புத்தகங்கள், ஏகப்பட்ட புதிர்கள். சேவ் போனது தெரிந்ததும் அந்தப் பெண் கோடு போட்ட நோட்டு ஒன்றைத் திறந்தார். எந்த விசையை எத்தனை முறை திருப்ப வேண்டும், எந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி வரவேண்டும் என்றெல்லாம் படம் போட்டு எழுதியிருந்தார். சற்று நேரத்தில் விட்ட இடத்துக்கே வந்துவிட்டார்.

ஆர்.பி.ஜி. எனப்படும் ரோல் பிளேயிங் விளையாட்டுக்கும் பழைய அட்வெஞ்சர் விளையாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பத்திரிகையும் எனக்குச் சொன்னதில்லை. ஆர்.பி.ஜி.யில் வளர்வது திரைக்குள் இருக்கும் கேரக்டர். அதன் வளர்ச்சி ஒரு கோப்பில் இருக்கிறது. கோப்பு போனால் வளர்ச்சியும் போச்சு. அட்வெஞ்சரில் வளர்வது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆள். மிஸ்ட் விளையாட்டின் விடை தெரிந்தவர் முதல் நிமிடத்திலேயே நேராக நடந்து, குறிப்பிட்ட விசைகளைத் தட்டி, ஒளித்து வைத்த வெள்ளைத் தாளை எடுத்து, நூலகத்துக் கணப்புக்குள் போய்ச் சரியான கட்டங்களை அழுத்தினால் போதும். சில நிமிடத்தில் கதை முடிந்துவிடும். டயாப்லோவில் கடைசி அரக்கன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்து என்ன பயன்? முதல் லெவல் வீரனோடு போனால் ஒரே அடி.

வீட்டு உதாரணம் வேண்டுமென்றால் எங்கள் ஸ்ரீரங்கத்திலேயே இருக்கிறது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதம் ஆர்.பி.ஜி. பக்கம் சேர்ந்தது, தாயம் விழ விழ, நல்வினை ஏணியில் காய் ஏறும். பாட்டி போடும் விடுகதை அட்வெஞ்சர் பக்கம். ஒரு முறை விடை தெரிந்துவிட்டால் அதைத் திரும்ப ஆட முடியாது, மறக்கவும் முடியாது.

அட்வெஞ்சர் வகையின் பிறப்பே ஒரு குகைக்குள்தான். வில் குரோதர் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட் வலையை அமைத்த நிறுவனத்தில் நிரல் எழுதியவர். ஓய்வு நேரத்தில் கென்டக்கி மாநிலத்து மாமத் குகைகளுக்குள் இறங்கி வரைபடம் போடுவார். மனைவியும் குகை இறங்குகிறவர்தான். இருவரும் பிரிந்த பிறகு, தன் இரண்டு மகள்களும் ஆடட்டும் என்று 1976 வாக்கில் அந்தக் குகையையே விளையாட்டாக்கினார். படம் கிடையாது. எழுத்து மட்டும்தான். 'ஒரு கட்டிடத்தின் முன் நிற்கிறாய்' என்று கணினி சொல்லும். 'உள்ளே போ', 'விளக்கை எடு' என்று இரண்டு சொல்லில் நாம் தட்டச்சு செய்ய வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதைக் கண்டெடுத்து 1977இல் பெரிதாக்கினார். எம்.ஐ.டி. மாணவர்கள் அதைப் பார்த்து ஸார்க் எழுதினார்கள். 1979இல் இன்ஃபோகாம் என்று கம்பெனியே தொடங்கிவிட்டார்கள்.

இந்த விளையாட்டுகளில் நடமாட்டம் எல்லாம் திசை வைத்துத்தான்: வடக்கே போ, கிழக்கே போ. ஆடுகிறவர்கள் காகிதத்தில் வரைபடம் போட்டுக்கொண்டுதான் ஆடுவார்கள். வெளியூர்ப் பையன்கள் இதில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. வடக்கு உத்திர வீதி, கிழக்குச் சித்திரை வீதி, தெற்கு அடையவளஞ்சான் வீதி என்று விலாசத்திலேயே திசையைச் சுமப்பவர்கள் நாங்கள்.

பிறகு படங்கள் வந்தன. ராபர்ட்டா வில்லியம்ஸும் கணவர் கென்னும் 1980இல் வெளியிட்ட மிஸ்டரி ஹவுஸில் கோட்டோவியம். அவர்களுடைய சியாரா நிறுவனத்தின் கிங்ஸ் குவெஸ்ட் 1984இல் வந்தபோது நடமாடும் வீரனே வந்துவிட்டான். சியாராவுக்கு ஒரு குரூர புத்தி உண்டு. கிங்ஸ் குவெஸ்ட் 5இல் ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு ஓடும். அந்த நொடியில் நீங்கள் பூனையின்மேல் எதையாவது எறிந்து எலியைக் காப்பாற்றவில்லை என்றால், வெகுநேரம் கழித்துக் கட்டுண்டு கிடக்கும்போது கயிற்றைக் கடித்து விடுவிக்க எலி வராது. ஆட்டம் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். ஏன் நிற்கிறது என்றுகூட விளையாட்டு சொல்லாது. இப்படிப்பட்ட அநியாயங்களைக் கண்டித்து 1989இல் கட்டுரையே எழுதியவர் ரான் கில்பர்ட். அடுத்த வருடம் அவர் லூகாஸ் நிறுவனத்தில் உருவாக்கிய மங்கி ஐலண்டில் ஆடுகிறவர் அப்படி வழியற்று மாட்டிக்கொள்வதில்லை. என்னைக் கேட்டால் அட்வெஞ்சரின் பொற்காலம் அந்த விளையாட்டுதான்.

ஆர்.பி.ஜி.யின் தாய்வீடு கணினி அல்ல, சாப்பாட்டு மேசை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் நண்பர்கள் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, கதையை வாயால் சொல்லி, பகடை உருட்டுவார்கள். பலம் இத்தனை, புத்தி இத்தனை, உயிர் இத்தனை என்று பாத்திரத்தின் குணம் முழுவதும் காகிதத்தில் எண்ணாக இருக்கும். வெற்றி பெற்றால் அனுபவப் புள்ளி, புள்ளி சேர்ந்தால் அடுத்த லெவல், லெவல் ஏறினால் எண்கள் கூடும். எண் என்றாலே கணினிக்குக் கொண்டாட்டம். மேசையிலிருந்து அது சில ஆண்டுகளிலேயே கணினிக்குத் தாவிவிட்டது. 1981இல் விஸார்ட்ரி, அதே ஆண்டில் அல்டிமா.

அல்டிமாவை எழுதிய ரிச்சர்ட் கேரியட் 1985இல் நாலாம் பாகத்துக்கு வைத்த பெயரில் நம்முடைய 'அவதார்' இருக்கிறது. அதில் வில்லன் கிடையாது. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டு குணங்களிலும் தேறி, ஆடுகிறவரே அவதாரமாக வேண்டும். கண் தெரியாத கடைக்காரியிடம் காசைக் குறைத்துக் கொடுத்து ஏமாற்றினால் உங்கள் நேர்மைக் கணக்கில் குறையும். அந்தக் கணக்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். கொள்ளிடக் கரையில் திருமங்கையாழ்வார் பெயரால் வழங்கும் தசாவதாரக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த டெக்சாஸ்காரர் ஞாபகம் வரும். சித்திரகுப்தன் வேலையை நிரலாக எழுதிய ஆள் அல்லவா!

ஜப்பானில் நடந்தது இன்னும் சுவாரசியம். யூஜி ஹோரி எழுதி 1983இல் வந்தது ஒரு கொலை விசாரணை அட்வெஞ்சர், போர்ட்டோபியா. அதற்குப் பிறகு 1986இல் அவரே டிராகன் குவெஸ்ட் என்ற ஆர்.பி.ஜி.யை எழுதினார். விஸார்ட்ரியும் அல்டிமாவும் கணினிக்காரர்களுக்கு; டிராகன் குவெஸ்ட், கடையில் விற்கும் நின்டெண்டோ பெட்டி வைத்திருக்கும் எந்தப் பிள்ளைக்கும். பத்தாண்டு கழித்து வந்த போக்கிமான் அந்த வழியில் பிறந்ததுதான். என் கடையில், நின்டெண்டோ விளையாட்டைக் கணினியிலேயே ஓட்டும் எமுலேட்டர் போட்டு போக்கிமான் ஆடிய சிறுவர்களில் ஒருவனுக்குக்கூடத் தான் ஆடுவது ஆர்.பி.ஜி. என்று தெரியாது. பிகாச்சு எந்த லெவல் என்பது மட்டும் தெரியும்.

வியாபாரத்தில் ஆர்.பி.ஜி. ஏன் ஜெயித்தது என்பதை ஒரு கடைக்காரனாகச் சொல்கிறேன். அதில் யாரும் முட்டிக்கொண்டு நிற்பதில்லை. பெரிய அரக்கனை வெல்ல முடியவில்லையா, வெளியே போய்ச் சில்லறை அரக்கர்களை அடித்து இரண்டு லெவல் ஏறிவிட்டு வரலாம். உட்கார்ந்த நேரத்துக்குக் கூலி நிச்சயம். அட்வெஞ்சரில் அந்த உத்தரவாதம் கிடையாது. இரண்டு மணி நேரம் ஒரே கதவின் முன் நின்றுவிட்டு வீட்டுக்குப் போகலாம். மாணவர்கள் மணிக்கணக்கில் காசு கொடுக்கும் கடையில் இது பெரிய விஷயம். எனக்கு இரண்டு பேரும் ஒன்றுதான், மீட்டர் ஓடும். அவர்களுக்கு அப்படி இல்லை.

இன்னொரு காரணம் இணையமே. முழு விடையையும் படிப்படியாக எழுதி வைக்கும் வாக்-த்ரூக்கள் இலவசமாகக் கிடைத்த பிறகு, புதிரின் முன் பொறுமையாக நிற்பவர் குறைந்தார்கள். போதாததற்கு, விளையாட்டை எழுதியவர்களும் புத்தி பேதலித்தவர்கள் மாதிரிப் புதிர் போட ஆரம்பித்திருந்தார்கள். 1999இல் வந்த கேப்ரியல் நைட் 3இல் ஒரு ஆளாக வேஷம் போட மீசை வேண்டும். அதற்காக ஒரு ஓட்டையில் ஒட்டுநாடாவை ஒட்டி, பூனையை அந்த வழியாக விரட்டி, அதில் ஒட்டிய முடியை எடுத்துப் பாகு தடவி மூக்கின் கீழ் ஒட்டிக்கொள்ள வேண்டும். யாருக்காக வேஷம் போடுகிறோமோ, அந்த ஆளுக்கு மீசையே கிடையாது! மிக நன்றாக எழுதப்பட்ட கிரிம் ஃபேன்டாங்கோவும் (1998) அதே காலத்தில் வந்துதான் விற்காமல் போனது. பெரிய கம்பெனிகள் இந்த வகையைக் கைவிட்டன.

கடையை நான் மூடி வருடங்கள் ஆயிற்று. இந்தப் பழங்கதையை இப்போது எழுதக் காரணம் 2023இல் சில மாத இடைவெளியில் வந்த இரண்டு விளையாட்டுகள். இரண்டும் நம் பக்கத்துக் குடும்பங்களைப் பற்றியவை. இரண்டிலும் புலம்பெயர்ந்த வீடு, சமையல், அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே உள்ள மனத்தாங்கல். ஒன்று அட்வெஞ்சர் வழி, இன்னொன்று ஆர்.பி.ஜி. வழி. ஒரே பொருளை இரண்டு வகையும் எப்படிக் கையாள்கின்றன என்று பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

முதலாவது வெண்பா. கனடாவின் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது. ஜூலை 31 அன்று வெளியானது. கதை 1988இல் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து டொராண்டோ போன வெண்பாவும் கணவர் பாவலனும் வேலை கிடைக்காமல் திண்டாடி, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கும் நேரத்தில் வெண்பா கருவுற்றிருப்பது தெரிகிறது. மகன் கவின் பிறக்கிறான், வளர்கிறான், தமிழிலிருந்து விலகுகிறான். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு சமையல். வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்த குறிப்புப் புத்தகத்தில் பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கின்றன. விட்டுப்போனதை ஆடுகிறவர் ஊகிக்க வேண்டும். இட்லிப் பானையில் தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லாவற்றுக்கும் ஆவி போகும்? புட்டுக் குழலில் எது முதலில், எது பிறகு? தப்பாகச் செய்தால் தண்டனை இல்லை, மறுபடி செய்யலாம். லெவல் இல்லை, புள்ளி இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

என் மனைவி கணினி விளையாட்டு எதையும் தொட்டவரல்லர். இட்லி அத்தியாயத்தைக் குறிப்பைப் பார்க்காமலே முடித்துவிட்டு, "இதுல புதிர் எங்கங்க இருக்கு?" என்றார். நான் மேலே சொன்னதற்கு இதுவே சாட்சி. இந்த விளையாட்டில் செல்லுபடியாவது நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவரும் அறிவு. டொராண்டோவில் இட்லித் தட்டையே பார்த்திராத ஒருவருக்கு அது உண்மையான புதிர். அவர் யோசித்துக் கண்டுபிடிக்கும்போது வெண்பாவின் அம்மா கை அவர் கைக்கு வந்துவிடுகிறது. நம் வீட்டுப் பெண்களுக்கோ அது அன்றாட வேலை. பிரிட்டனின் பாஃப்டா 2024இல் அறிமுக விளையாட்டுக்கான விருதை இதற்குக் கொடுத்தது. சுயாதீன விளையாட்டு விழாவின் முதல் பரிசும் அதே ஆண்டு இதற்கே.

இரண்டாவது தர்ஸ்ட்டி சூட்டர்ஸ். இலங்கையில் பிறந்த சந்தன ஏக்கநாயக்க இணைந்து தொடங்கிய அமெரிக்கக் குழுவான அவுட்டர்லூப் கேம்ஸ் செய்தது, நவம்பரில் வந்தது. தொண்ணூறுகளின் அமெரிக்கச் சிற்றூர். ஜாலா என்ற பெண் அக்கா தங்கை உறவையெல்லாம் முறித்துக்கொண்டு போனவள், சகோதரியின் கல்யாண நேரத்தில் வீடு திரும்புகிறாள். பழைய காதலர்கள் ஒவ்வொருவராக வழிமறிக்கிறார்கள். போதாக்குறைக்கு, வரன் மேல் வரனாக அனுப்பி வைக்கும் ஒரு பாட்டி. விளையாட்டில் அவர் பெயரே 'பாட்டி'தான். சண்டை முறை வைத்து நடக்கும்: இவள் ஒரு வார்த்தை வீச, அவன் ஒரு வார்த்தை வீச, உயிர்ப்புள்ளி குறையும். யாருக்கு எந்தச் சீண்டல் உறைக்கும் என்று கண்டுபிடித்தால் அடி பலமாக விழும். ஜெயித்தால் அனுபவப் புள்ளி, லெவல். ஒவ்வொரு சண்டையும் கடைசியில் மனம்விட்டுப் பேசுவதில் முடியும்.

இங்கும் அம்மாவோடு சமையல் உண்டு. ஆனால் சொன்ன நொடியில் சொன்ன பொத்தானை அழுத்தும் சாமர்த்தியம்தான் அது; சமைத்த பண்டம் சண்டையில் உயிர் கூட்டும் மருந்தாகிவிடும். முப்பது வருடம் சமைத்த என் மனைவியின் அனுபவம் இதில் ஒரு புள்ளிக்கும் ஆகவில்லை. அவருக்குக் கோபம்கூட வந்தது. எனக்கு வரவில்லை. ஜாலா ஒவ்வொரு லெவலாக ஏறும்போது, வீட்டை எதிர்கொள்ளும் தைரியம் ஒருத்திக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வருவதை எண்ணாகவே பார்க்கிறோம். ஒரே நாளில் வராத எதையும் சொல்வதற்கு ஆர்.பி.ஜி. ஏற்ற வடிவம். பல வருடத்து மனக்கசப்பைப் புதிர் மாதிரி ஒரே விடையில் தீர்த்துவிட முடியாதே!

இரண்டையும் கலந்தவர்களும் உண்டு. எஸ்தோனியர்கள் உருவாக்கி 2019இல் வந்த டிஸ்கோ எலிசியத்தில் தனியாகச் சண்டைக்களம் கிடையாது. கொலை விசாரணைதான், பழைய அட்வெஞ்சர் போலவே. ஆனால் துப்பறிபவரின் மூளைக்குள் 24 திறமைகள் எண்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும், பகடையும் உருளும். தமிழில் நல்ல நாவல் படிப்பவர்கள் ஒரு விளையாட்டு மட்டும் ஆடுவதென்றால் அதை ஆடலாம். ஆங்கிலம் கொஞ்சம் கடினம், பொறுமை நிறைய வேண்டும்.

எது உயர்ந்தது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நேரம் நிறைய இருக்கும் வயதில் ஆர்.பி.ஜி., நேரம் குறைந்த வயதில் அட்வெஞ்சர். நூறு மணி நேரம் ஒரு வீரனை வளர்ப்பது பதினெட்டு வயதில் பெரிய சுகம். நாற்பதுக்கு மேல், ஒரு மாலையில் முடிந்து, நாலு நாள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டே எனக்குப் போதும்.

தாங்களே ஒரு விளையாட்டைச் செய்து பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கும் அட்வெஞ்சரைத்தான் சொல்வேன். ஆர்.பி.ஜி. செய்யப் பெரிய குழு வேண்டும், எண்களைச் சரிக்கட்டவே மாதக்கணக்கில் ஆகும். எழுத்து அட்வெஞ்சருக்கு ஒரு ஆள் போதும். குரோதர் பாணியில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வைப்பது தமிழில் சிரமம். விளக்கை, விளக்கால், விளக்கோடு என்று வேற்றுமை உருபு சேர்ந்த வடிவங்களையெல்லாம் கணினி அடையாளம் காண வேண்டும். அந்தத் தலைவலி வேண்டாதவர்களுக்கு ட்வைன் இருக்கிறது. கிறிஸ் கிளைமஸ் 2009இல் உருவாக்கிய இலவசக் கருவி. நிரல் தெரிய வேண்டாம். கதையைத் துண்டு துண்டாக எழுதி, எந்தச் சொல்லைத் தொட்டால் எந்தத் துண்டுக்குப் போக வேண்டும் என்று இணைத்தால் போதும். முடித்ததும் ஒரே கோப்பாகக் கிடைக்கும். போனில் இருக்கும் உலாவியிலேயே திறக்கும். தமிழ் எழுத்துக்குத் தடையில்லை.

கதைக்கு எங்கும் போக வேண்டாம். ராஜகோபுரம் 1987இல் கட்டி முடியும்வரை மொட்டைக் கோபுரம் என்றே சொல்லி வந்தோம். அந்தக் காலத்து ஸ்ரீரங்கத்தில், ஏழு பிராகாரங்களுக்குள் யாரையோ தேடி அலையும் ஒரு கதையை எழுதலாம். மலைக்கோட்டைப் படிகளில் எழுதலாம். இல்லையென்றால் உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் கடைசி பஸ்ஸை விட்டவனை வைத்து எழுதலாம். கல்லூரித் தமிழ்த் துறைகள் ஆண்டுதோறும் கவிதைப் போட்டி, கட்டுரைப் போட்டி வைக்கின்றன. அவற்றோடு ட்வைனில் எழுதிய கதைக்கும் ஒரு பரிசு வைத்துப் பாருங்கள். செலவு ஒன்றும் இல்லை; கல்லூரியில் ஏற்கெனவே இருக்கும் கணினியே போதும்.